சாதி, நிறம், வேற்றுமை: சிறு குழந்தைகளிடம் பேசுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பன் தீவில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் நான் இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஆண்டில், மதிய உணவு வேளையில் ஒரு சிறுவன், பக்கத்தில் இருந்தவன் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்காமல், "அவுங்க வீட்டுத் தண்ணிய குடிக்கக் கூடாதுன்னு எங்க அப்பத்தா சொல்லுச்சு" என்றான். அவன் குரலில் வெறுப்பு ஏதும் இல்லை. உச்சி வெயிலில் செருப்பில்லாமல் மணலில் நடக்கக் கூடாது என்று சொல்லும் அதே தொனியில்தான் சொன்னான். நான் பதறிப்போய், "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று அதட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த ஆண்டு முழுவதும் அவன் அதை மறுபடி பேசவில்லை. அந்தப் பாட்டிலில் தண்ணீர் குடிக்கவும் இல்லை. டீச்சர் காதில் விழும்படி இதைச் சொல்லக் கூடாது என்பது மட்டுமே அவனுக்கு என்னிடமிருந்து கிடைத்த பாடம். பாட்டிலை நீட்டியவனுக்கு என்ன பாடம் கிடைத்தது என்று நான் கேட்கவே இல்லை.

அந்தத் தவறைச் செய்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மூன்று வயது முதல் ஒன்பது வயது வரை உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கும், அவர்களை வளர்க்கும் தாத்தா பாட்டிமாருக்கும், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் உரியது இது. படிகளை வரிசையாகத்தான் தந்திருக்கிறேன். ஆனால் குழந்தைகள் கேள்விகளை வரிசையாகக் கேட்பதில்லை என்பதால், முழுவதையும் ஒருமுறை படித்து வைத்துக்கொண்டு வேண்டிய இடத்தை வேண்டிய நேரத்தில் எடுத்துக்கொள்வது நல்லது.

முதல் படி: குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை ஒப்புக்கொள்ளுதல்

"அதுக்கு என்ன தெரியும், பச்சப்புள்ள" என்பதே இந்தப் பேச்சைத் தள்ளிப்போட நாம் சொல்லும் முதல் காரணம். மூன்று மாதக் குழந்தையே தான் அன்றாடம் பார்க்கும் முகங்களை ஒத்த முகங்களைக் கூடுதல் நேரம் பார்க்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மூன்று, நான்கு வயதில் நிறம், உடை, பேச்சு ஆகியவற்றைக் கொண்டு மனிதர்களை வகை பிரிக்கக் குழந்தை பழகிவிடுகிறது. வகை பிரிப்பதில் தவறில்லை. சாளை மீனையும் சூடை மீனையும் பிரித்தறியும் அதே அறிவுதான் அது. எந்த வகை உசத்தி, எந்த வகை மட்டம் என்ற விலைச் சீட்டைப் பெரியவர்களே பின்னால் ஒட்டுகிறோம்.

1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதியர் மூன்று வயது முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருந்த பொம்மைகளைக் கொடுத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றன. தம்மைப் போலவே இருந்த கறுப்புப் பொம்மையைக் கெட்டது என்றன. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வையும் சுட்டிக்காட்டியது. அந்தக் குழந்தைகளை உட்காரவைத்து யாரும் இதைக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். கடைத்தெருவிலும் விளம்பரத்திலும் பெரியவர்களின் முகக்குறிப்பிலும் இருந்து அவர்களே பொறுக்கிக்கொண்டார்கள்.

இனவெறி என்றதும் அமெரிக்காவையும் தென்னாப்பிரிக்காவையும் நினைத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது, ஏனென்றால் அவை தொலைவில் இருக்கின்றன. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரையிலான நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் அதே வேலையைச் சாதியும், நிறமும், மதமும், தொழிலும், பேச்சு வழக்கும் பங்கு போட்டுச் செய்கின்றன. எனவே தொலைவில் உள்ளதைக் கதையாகச் சொல்லலாம். பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் நம் வீட்டு வாசல்தான்.

இரண்டாம் படி: பேசுவதற்கு முன் வீட்டைச் சரிபார்த்தல்

இந்தப் படிக்குக் குறைந்தது ஒரு வாரம் ஒதுக்குங்கள். குழந்தையிடம் எதுவும் பேச வேண்டாம். உங்களையே கவனித்தால் போதும்.

தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. வந்தான், வந்தார் என்ற இரண்டு முடிவுகளுக்கு நடுவில் ஒரு சமூகப் படிநிலை முழுவதையும் நாம் அடைத்து வைத்திருக்கிறோம், குழந்தை பேசக் கற்கும்போதே அதையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. இருபத்தைந்து வயது வங்கி அலுவலர் "வந்தார்". அறுபது வயதில் சாக்கடை அள்ள வருபவர் "வந்தான்". வீட்டுக்கு வரும் மாமாவுக்கு "உட்காருங்க". தேங்காய் பறிக்க வந்த பெரியவருக்கு "அங்கிட்டு உக்காரு". ஒரு வீட்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, தன் ஐயாவைவிட வயதான ஒருவரைப் பார்த்து, "இந்தா, காசு வாங்கிட்டுப் போ" என்று சொன்னதை நேரில் கேட்டிருக்கிறேன். அவள் திமிர் பிடித்தவள் அல்லள்; அந்த வீட்டின் இலக்கணத்தைப் பிழையில்லாமல் பேசினாள், அவ்வளவுதான்.

ஆகவே, தன் அம்மாவைவிட மூத்தவராகத் தெரியும் எவரையும் குழந்தை "வாங்க, போங்க" என்றே அழைக்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி வையுங்கள். அந்த விதியை முதலில் நீங்கள் பின்பற்றுங்கள். முதல் இரண்டு நாள் நாக்கு இடறும். இடறும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொண்டால், உங்கள் வீட்டுக்குள் சாதி எந்தெந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்ற பட்டியல் தானாகவே கையில் வந்துவிடும்.

அடுத்து, அடுக்களையைப் பாருங்கள். வேலைக்கு வருபவருக்கென்று தனியாக ஒரு டம்ளர் கொல்லைப்புறச் சன்னலில் கவிழ்ந்திருக்கிறதா? இருந்தால் எடுத்துவிடுங்கள். எவ்வளவு நயமாகப் பேசினாலும் அந்த டம்ளரின் பேச்சுக்கு முன் எடுபடாது. பிறகு, "பொண்ணு கருப்புதான், ஆனா களையா இருக்கா" என்பதில் உள்ள அந்த "ஆனா", "அந்த ஆளுக அப்படித்தான்" என்பதில் உள்ள அந்த "ஆளுக", இவை போன்றவற்றையும் வாய்க்குள்ளேயே பிடித்து நிறுத்தப் பழகுங்கள்.

மூன்றாம் படி: நிறத்திலிருந்து தொடங்குதல்

குழந்தைக்குக் கண்ணால் பார்க்க முடிவது நிறம் என்பதால் அதிலிருந்து தொடங்குவதே எளிது. கலர் பென்சில் பெட்டியில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒரு பென்சிலைப் பிள்ளைகள் "ஸ்கின் கலர்" என்று கேட்டு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பென்சிலைக் குழந்தையின் முழங்கையோடு ஒட்டிப் பிடித்து, "இது யாரோட ஸ்கின் கலர்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சிரிப்புதான் முதல் பதிலாக வரும். அதற்குப் பிறகு வீட்டில் இருக்கும் எல்லாருடைய கைகளையும் வரிசையாக வைத்து, எந்த எந்தப் பென்சிலைக் கலந்தால் யாருடைய நிறம் வரும் என்று தீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் இதைச் செய்தபோது முப்பது பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அந்தப் பென்சில் பொருந்தவில்லை.

அறிவியலை நான்கு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். தோலில் மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்களின் எண்ணிக்கை உலகில் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்; அவை உண்டாக்கும் நிறமியின் அளவும் வகையும்தான் மாறுகின்றன. வெயில் அதிகமான நாடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அது கூடுதலாக இருக்கிறது. கருப்புத் தோல் என்பது வெயிலுக்கு உடம்பே பிடித்துக்கொள்ளும் குடை. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் சின்னப்பாலத்துப் பெண்களைக் காட்டி இதைச் சொன்னால், குழந்தைக்கு அந்தக் குடை சட்டென்று விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "கருப்பும் அழகுதான்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அந்த "தான்" குழந்தையின் காதில் விழாமல் போகாது. கருப்பு என்ற சொல்லைச் சிவப்பு, நீலம் என்று சொல்வது போலவே இயல்பாகச் சொல்லுங்கள். ஃபேர் அண்ட் லவ்லி என்ற முகக்கிரீமின் பெயரிலிருந்து "ஃபேர்" என்ற சொல்லை 2020-இல் அதைத் தயாரிக்கும் நிறுவனமே எடுத்துவிட்டது. நம் வீட்டுத் திருமணப் பேச்சிலிருந்து அது இன்னும் போகவில்லை.

நான்காம் படி: பேச்சு, வாடை, ஊர்

கீழக்கரையிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையன், வாசலில் நின்ற தன் அண்ணனைப் பார்த்து "காக்கா!" என்று கூப்பிட்டதும் வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. நான் கரும்பலகையில் அண்ணன், காக்கா, அக்கா, லாத்தா, அம்மா, உம்மா, அப்பா, வாப்பா என்று எழுதிவிட்டு, அவரவர் வீட்டில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். அப்பாவின் அம்மாவை அழைக்க மட்டும் ஐந்து சொற்கள் வந்தன. எல்லாருடைய வீட்டுச் சொல்லும் யாரோ ஒருவருக்குச் சிரிப்பாக இருந்ததால், மணி அடிப்பதற்குள் சிரிப்பு தேய்ந்துவிட்டது. வீட்டிலும் இதைச் செய்யலாம். வித்தியாசத்தை மறைக்காமல், அதை எல்லாருக்கும் பொதுவாகப் பங்கிட்டுக் கொடுப்பதே இதில் உள்ள உத்தி.

மீன் வாடை வேறு வகைச் சிக்கல். "அவன் மேல கவிச்சி அடிக்குது" என்று ஒரு குழந்தை சொன்னால், "இல்லையே, அடிக்கலையே" என்று பொய் சொல்ல வேண்டாம். வாடை இருக்கிறது என்பது அதன் மூக்குக்குத் தெரியும். "அவுங்க அப்பா ராத்திரி கடலுக்குப் போயிட்டு விடியக்காலையில கரைக்கு வந்தாரு. அவன் அம்மாகூட சேர்ந்து மீன் பிரிச்சுட்டு ஸ்கூலுக்கு வந்திருக்கான். நேத்து நம்ம வீட்டுச் சட்டியில கொதிச்சதும் அதே வாடைதான். நம்ம சாப்பிடறப்ப மணக்குது, அவன் மேல இருந்தா நாறுதா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வரும் வரை பொறுமையாக இருங்கள்.

மண்டபம் முகாமைப் பற்றியும் கேள்வி வரும். 1983 முதல் போருக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்த இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு படிக்கிறார்கள். "கதைக்கிறது" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு மற்றவர்கள் கேலி செய்வதும், சண்டை வந்தால் "அகதி" என்று திட்டுவதும் நடக்கிறது. 2021-இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. குழந்தைக்கு இதை விளக்க நம்மூர்க் கதையே போதும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது, தப்பிப் பிழைத்தவர்கள் வீடு வாசல் இல்லாமல் மேற்கே வந்து குடியேறினார்கள். "அவுங்களுக்குப் புயல், இவுங்களுக்குச் சண்டை. ரெண்டு பேரும் ஆசைப்பட்டா வீட்டை விட்டு வந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கட்டட வேலைக்கு வரும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்களை "வடக்கன்" என்று அழைக்கும் வழக்கத்துக்கும் இதே பேச்சு பொருந்தும். நம்மூர் ஆட்கள் வளைகுடா நாடுகளில் அயலாராக நிற்பதைச் சேர்த்துச் சொன்னால் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

ஐந்தாம் படி: சாதியைப் பெயர் சொல்லிப் பேசுதல்

இதுதான் கடினமான படி. பலரும் தாண்டிக் குதித்துவிடும் படியும் இதுவே. "சாதின்னு ஒண்ணு கிடையாது கண்ணு" என்று சொல்லி முடித்துவிடுவது நமக்கு நிம்மதி. ஆண்டு விழாவில் சாதி இல்லை என்று பாடிப் பரிசு வாங்கிய பிள்ளை, மறுநாள் காலை கோயில் திருவிழா வரி வாங்க வந்தவர் எந்தத் தெருவில் நின்று கொண்டார், எந்தத் தெருவுக்குள் போகவில்லை என்று பார்த்துவிடுகிறது. இல்லாத ஒன்று எப்படி ஒருவரை வழிமறிக்கும் என்று அது குழம்பும், அல்லது நாம் பொய் சொல்கிறோம் என்று முடிவு கட்டும்.

ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும்: "சில பேரு, நாங்க பிறந்த வீடு உசத்தி, நீங்க பிறந்த வீடு மட்டம்னு சொல்லிக்கிறாங்க. அதுக்குப் பேரு சாதி. அது மனுசங்க உண்டாக்கினது. அது தப்பு." ஏழு வயதில் சட்டத்தைச் சேர்க்கலாம்: 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது, அதை யார் கடைப்பிடித்தாலும் குற்றம். ஒன்பது வயதில் இடஒதுக்கீடு பற்றிக் கேள்வி வரும். பல தலைமுறைகளாகப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவிடாமல் தடுக்கப்பட்டவர்களுக்கு அந்த வாசலைத் திறந்து வைக்கும் ஏற்பாடு அது என்று சொல்லுங்கள். "நம்ம என்ன சாதி?" என்று கேட்டால் பெயரை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ரகசியம் ஆக்கினால் அது பெருமையாகவோ அவமானமாகவோ புளித்துப் போகும்.

கதை வேண்டுமென்றால் நம் மண்ணிலேயே இருக்கிறது. 1931-இல் ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், ஐந்தாம் வகுப்பில் தலைமை அர்ச்சகரின் மகன் ராமநாத சாஸ்திரியின் பக்கத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்த ஆசிரியர், தொப்பி போட்ட முஸ்லிம் சிறுவன் பூணூல் போட்ட சிறுவனோடு உட்காரக் கூடாது என்று அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். கலாம் எழுந்து போனபோது ராமநாதன் அழுதான். அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்து, பிஞ்சு மனங்களில் நஞ்சைப் பரப்பக் கூடாது என்று கண்டித்தார். ஆசிரியர் மனம் மாறினார். இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், கலாமைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். அவர் மனைவி தம் அடுக்களையில் பரிமாற மறுத்ததும், ஆசிரியர் தாமே பரிமாறிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரம் மறுபடி அழைத்தபோது அந்த அம்மாளே அடுக்களைக்குள் அழைத்துச் சென்று தம் கையால் பரிமாறினார்.

இந்தக் கதையைப் "படிச்சா நீயும் ஜனாதிபதி ஆகலாம்" என்று முடிக்கிறவர்கள் கதையைக் கெடுக்கிறார்கள். கடைசி வரிசைக்கு அனுப்பப்பட்டு, பிறகு ஜனாதிபதி ஆகாமலே போன எத்தனையோ பிள்ளைகளுக்கும் இழைக்கப்பட்டது அநியாயம்தான். கதையில் நிறுத்திக் கேட்க வேண்டிய இடங்கள் வேறு: ராமநாதன் ஏன் அழுதான்? அந்த அப்பா என்ன செய்தார்? நீ ராமநாதன் இடத்தில் இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வாய்?

பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் ஏறும் வண்ணக் கயிறுகளையும் இந்தப் படியிலேயே கவனியுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு குறிப்பிட்ட நிறக் கயிற்றைத்தான் கட்டுவேன் என்று அடம் பிடித்தால், திட்டாமல், அதை யார் கொடுத்தார்கள், வேறு யார் யார் கட்டியிருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

ஆறாம் படி: காயம் பட்டால், காயம் செய்தால்

மேலே உள்ளவை எல்லாம், எப்போது பேசுவது என்று தேர்ந்துகொள்ளும் வசதி உள்ள வீடுகளுக்கு எழுதியவை போலத் தோன்றும். ஒதுக்கப்படும் வீட்டுக் குழந்தைக்கு அந்த வசதி இல்லை. முதல் இழிசொல் நான்கு வயதிலேயே வந்துவிடலாம். உங்கள் குழந்தை அப்படி வந்து நின்றால், "கண்டுக்காத" என்று சொல்லாதீர்கள். முழுவதையும் சொல்ல விடுங்கள். "தப்பு அவுங்க மேல. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்பதை அன்றைக்கே, அதே சொற்களில் சொல்லுங்கள். நாள், இடம், சொன்ன சொல், அருகில் இருந்தவர் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில், குழந்தையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுவிடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கான 1098 எண்ணிலும், பள்ளிக் கல்விக்கான 14417 எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

இழிசொல்லைச் சொன்னது உங்கள் குழந்தை என்றால், அடிக்க வேண்டாம். அடி வாங்கிய பிள்ளைக்கு அந்த வலியும் பழிவாங்கும் எண்ணமும்தான் மிஞ்சும். அந்தச் சொல்லை எங்கே கேட்டாய் என்று கேளுங்கள். பல நேரங்களில் பதில் உங்களையே சுட்டும்; அதற்குத் தயாராக இருங்கள். பிறகு குழந்தையைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், மன்னிப்பை முதலில் நீங்கள் கேளுங்கள்.

ஏழாம் படி: அப்பத்தாவும், ஆண்டின் சில நாட்களும்

வீட்டுப் பெரியவர்கள் எதிர்மாறாகச் சொல்லும்போது, அவர்களைக் குழந்தையின் முன் அவமதிக்கவும் வேண்டாம், அவர்கள் சொன்னதை விழுங்கவும் வேண்டாம். "அப்பத்தா நல்லவுங்க. இந்த ஒரு விசயத்துல அவுங்க சொல்றது தப்பு. அவுங்களுக்குச் சின்ன வயசுல அப்படிச் சொல்லிக் கொடுத்துட்டாங்க" என்று சொல்லலாம். பாசம் வேறு, சரி தவறு வேறு என்று பிரிக்க ஆறு வயதுப் பிள்ளையால் முடியும். பெரியவர்களுக்குத்தான் அது சிரமமாக இருக்கிறது.

1957-இல் முதுகுளத்தூர் வட்டாரத்தில் நடந்த சாதிக் கலவரத்தின் நினைவு நம் மாவட்டத்தில் இன்னும் ஆறவில்லை. இமானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11-ஐயும், முத்துராமலிங்கத் தேவர் ஜெயந்தி நாளான அக்டோபர் 30-ஐயும் ஒட்டிச் சாலையெங்கும் காவலர்கள் நிற்பதையும், பேருந்துகள் குறைவதையும் குழந்தை பார்க்கும். "பழைய சண்டை ஒண்ணு இருக்கு. மறுபடி வந்துரக் கூடாதுன்னு போலீஸ் நிக்கிறாங்க" என்பது சிறு குழந்தைக்குப் போதும். யார் பக்கம் நியாயம் என்ற பெரியவர்களின் வாதத்தை அந்த நாட்களில் குழந்தையின் காதருகே நடத்தாதீர்கள். அதே போல, கேள்வி கேட்கும் பிள்ளையிடம் கீழக்கரை வள்ளல் சீதக்காதிக்கும் ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கும் இருந்த நட்பைச் சொல்லி, "நம்ம ஊர்ல எல்லாரும் அண்ணன் தம்பியாத்தான் இருந்தோம்" என்று வாயை அடைப்பதும் வேண்டாம். அந்த நட்பு உண்மை. குழந்தை கேட்ட கேள்வியும் உண்மை.

எட்டாம் படி: யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம்; பள்ளி விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். விசைப்படகுகள் கரையில் நிற்க, தந்தைமார் வீட்டில் இருக்கும் இந்த நாட்களில், குழந்தை தன் நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வரட்டும், தானும் அவர்கள் வீடுகளுக்குப் போகட்டும். நோன்புக் கஞ்சியும் கிறிஸ்துமஸ் கேக்கும் வாசலோடு கைமாறுவதை நல்லிணக்கம் என்று எண்ணிவிடுகிறோம். உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, வழக்கமான சோறும் குழம்பும் சாப்பிடும் சாதாரண நாள்தான் குழந்தையின் மனத்தில் தங்கும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால், "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் குழந்தை மறந்திருந்தாலும் நீங்களே நினைவுபடுத்திச் சொல்லுங்கள். தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தாய் அப்படித்தான் செய்தார். மகள் பேருந்தில் கேட்ட கேள்விக்கு, இரண்டு நாள் கழித்து நெத்தலி ஆய்ந்துகொண்டே, எல்லா மனிதரும் ஒன்று, சிலர் அதை ஒப்புக்கொள்வதில்லை என்று நிதானமாக விளக்கினார். மகள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கொல்லைப்புறச் சன்னலைப் பார்த்து, "அப்ப அந்த டம்ளரு ஏம்மா தனியா இருக்கு?" என்றாள்.

தாய் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய் அதை எடுத்தார்.